கசெற்றில் இருந்து புரோகிராம் ஏறவில்லையா? குறி பார்த்துப் பழுது பிடிக்கும் முறை

பழைய வீட்டுக் கணினிகள் புரோகிராமைச் சத்தமாகக் கசெற்றில் பதிந்து வைத்தன. அப்படியான கசெற் ஒன்று லோட் ஆகவில்லை, அதாவது கணினிக்குள் ஏறவில்லை, என்றவுடன் "நாடா போய்விட்டது" என்று ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். என் கைக்கு வந்த கசெற்றுகளில் உண்மையாகவே நாடா போனவை மிகக் குறைவு. முப்பத்தைந்து, நாற்பது வருடத்துக்கு முன் பதிந்த சத்தம் அநேகமாக அதே இடத்தில்தான் இருக்கிறது. அதை எடுத்துக் கணினியின் வாசல்வரை கொண்டுபோகிற வழியில்தான், ஹெட்டிலோ பெல்ட்டிலோ பிளக்கிலோ, எங்கேயோ ஒரு தடங்கல்.

எங்கள் வீட்டுக்கு ஸ்பெக்ட்ரம் 48கே என்ற சின்ன வீட்டுக் கணினி வந்தது 1986 இல், லண்டனில் இருந்த மாமா அனுப்பியது. அண்ணா அதில் பேசிக் என்ற கணினி மொழி பழகி, தன்னிடம் ரியூசன் படித்த பிள்ளைகளின் புள்ளிகளைக் கூட்டி நிரைப்படுத்த ஒரு புரோகிராம் எழுதினார். 1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கரண்ட் நின்றதோடு கணினி பெட்டிக்குள் போனது. 1995 ஒக்டோபர் 30 இரவு போரினால் எங்கள் வலிகாமப் பகுதி முழுக்க எழும்பி இடம்பெயர்ந்து நடந்தபோது அது வீட்டோடு நின்றுவிட்டது. அம்மா கலியாண அல்பத்தோடு சேர்த்துக் கட்டிய பையில் ஒன்பது கசெற் மட்டும் தப்பின. பல வருடம் கழித்து இன்னொரு ஸ்பெக்ட்ரம் கிடைத்தபோது அந்த ஒன்பதையும் மீட்க உட்கார்ந்தேன். கீழே எழுதுவதெல்லாம் அதில் பழகியது. பெரும்பாலும் ஸ்பெக்ட்ரமைப் பற்றியே சொல்கிறேன். மற்றக் கணினிகள் வேறுபடும் இடங்களைப் பின்னால் தருகிறேன்.

கசெற்றைப் போட முன்

கசெற்றின் முதுகில் இருக்கும் இரண்டு சிறிய பிளாஸ்டிக் தாள்ப்பாளையும் உடைத்துவிடுங்கள். அதன் பிறகு தவறுதலாக ரெக்கோட் பொத்தானை அழுத்தினாலும் அது கீழே இறங்காது. இதைச் செய்யாமல் வேறு ஒன்றும் தொடங்க வேண்டாம்.

அடுத்தது, ரேப் ரெக்கோடரைத் துடையுங்கள். நாடாவை வாசிக்கும் ஹெட், அதற்குப் பக்கத்தில் சுற்றும் மெல்லிய உலோகத் தண்டு, அந்தத் தண்டோடு நாடாவை அமர்த்திப் பிடிக்கும் றப்பர் உருளை, மூன்றையும் துடைக்க வேண்டும். ஐசோபுரோப்பைல் அற்ககோல் நல்லது. பாமசியில் கேட்டால் சில வேளை சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றைத் தருவார்கள். அதில் எண்ணெய் கலந்திருக்கக்கூடும், ஆகவே ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டுக் காயவிடுங்கள். பிசுபிசுப்பாகத் தடம் நின்றால் அது வேண்டாம். றப்பர் உருளையைச் சவர்க்காரத் தண்ணீரில் துடைப்பதென்றால் கிணற்றுத் தண்ணீரை எடுக்காதீர்கள். எங்கள் ஊர்த் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு காய்ந்து வெள்ளைப் படையாக நிற்கும். பற்றறிக்கு விடும் வடித்த தண்ணீர் போதும்.

பிறகு, இழந்தாலும் பரவாயில்லை என்ற ஒரு பாட்டுக் கசெற்றை இரண்டு பக்கமும் ஓடவிட்டுப் பாருங்கள். நாடாவைத் தின்னுகிற ரெக்கோடருக்கு உங்கள் ஒரே பிரதியைக் கொடுத்துப் பரீட்சை பார்க்கக் கூடாது.

காதும் திரைக்கரையும்

ஸ்பெக்ட்ரம் லோட் செய்யும்போது திரையின் கரை கோடுகோடாக ஓடும். அந்தக் கோடு வெறும் அழகுக்கு இல்லை, கணினி காதில் என்ன கேட்கிறது என்பதை அப்படியே காட்டுகிறது. முதலில் ஐந்து செக்கன் அளவுக்கு ஒரே சீரான "பீஈஈ" என்ற சத்தம். அப்போது கரையில் சிவப்பும் இளநீலமும் தடித்த கோடுகளாக மெதுவாக நகரும். பிறகு "ப்ர்ட்" என்று ஒரு சின்ன வெடிப்பு, நீலமும் மஞ்சளும் மெல்லிய கோடாக ஒரு கணம் தோன்றி மறையும். அதுதான் தலைப்பு, புரோகிராமின் பெயர் இருக்கும் 17 பைட். ஒரு செக்கன் இடைவெளி விட்டுத் திரும்ப இரண்டு செக்கன் "பீஈ". அதன்பின் நீண்ட இரைச்சல், நீல மஞ்சள் கோடு. அதுதான் புரோகிராம்.

சீரான சத்தம் ஏறத்தாழ 807 ஹேர்ட்ஸ். புரோகிராம் இரைச்சலில் "ஒன்று" என்ற பிற் 1023 ஹேர்ட்ஸ் அளவிலும், "பூச்சியம்" என்ற பிற் அதன் இருமடங்கு 2047 அளவிலும் இருக்கும். இந்த மூன்று எண்ணையும் நினைவில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

குறி 1: கரையில் கோடே இல்லை

ரெக்கோடர் ஓடுகிறது, கரை ஒரே நிறமாக நிற்கிறது, அல்லது இடைக்கிடை ஒருக்கால் நிறம் மாறுகிறது. கணினிக்கு ஒன்றும் கேட்கவில்லை.

பிளக்கைக் கழற்றிவிட்டு ரெக்கோடரின் ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் நாடா நலம். வயர் ரெக்கோடரின் இயர் துளையில் இருந்து கணினியின் இயர் துளைக்குப் போகிறதா? மைக்கில் செருகிவிட்டு அரை மணித்தியாலம் மினக்கெட்டவர்கள் நிறையப் பேர். கடற்கரைப் பக்கத்து வீடு என்றால் உப்புக்காற்றில் துளையின் உள்ளே பச்சை பிடித்திருக்கும். பிளக்கில் ஸ்பிரிற்றைத் தடவி, பத்துப் பதினைந்து தடவை செருகிக் கழற்றித் திருகினாலே பெரும்பாலும் தொடுப்பு வந்துவிடும்.

வொலியூமை முக்கால் பங்கில் வையுங்கள். ஸ்பெக்ட்ரமுக்கு நல்ல பலமான சத்தம் வேண்டும். கையடக்க வோக்மனின் ஹெட்போன் துளை பல வேளை காணாது. பேஸைக் குறைத்து, றெபிளைக் கூட்டி, இரைச்சல் குறைக்கும் டொல்பி இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

கணினியின் பக்கம் பழுதா என்று அறிய ஒரு சின்ன வழி இருக்கிறது. பேசிக்கில் பத்தாவது வரியாக "பிரிண்ட் இன் 254" என்று போட்டு, அதே வரிக்குத் திரும்பப் போகச் சொல்லி ஓடவிடுங்கள். இயரில் சத்தம் இல்லாதபோது ஒரே எண் நிரையாக விழும். கசெற்றை ஓடவிட்டதும் 191 உம் 255 உம் மாறி மாறி வர வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 64, அது இயர் துளைக்கு உரிய பிற். எண் அசையாமல் நின்றால் துளையிலோ வயரிலோ உள்ளேயோதான் பழுது. கசெற்றைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

குறி 2: சிவப்புக் கோடு அழகாக ஓடுகிறது, ஆனால் பெயர் வரவே இல்லை

மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் காணும் பழுது இதுதான். அதிகமான கசெற்றுகள் குப்பைக்குப் போனதும் இதனால்தான். சீரான சத்தம் கேட்கும்போது எல்லாம் சரி. நீல மஞ்சள் தொடங்கியதும் கணினி தடுமாறி, திரும்பவும் சிவப்புக்குப் போய்விடும்.

காரணம் ஹெட்டின் சாய்வு. நாடா ஒரு செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓடுகிறது. அப்படியென்றால் 807 ஹேர்ட்ஸ் சத்தத்தின் ஒரு அலை நாடாவில் ஏறத்தாழ 59 மைக்ரோமீற்றர் நீளம். "பூச்சியம்" பிற்றின் அலை வெறும் 23 மைக்ரோமீற்றர். மோனோ ஹெட் வாசிக்கும் தடத்தின் அகலமோ ஒன்றரை மில்லிமீற்றர். ஹெட்டின் நடுவில் உள்ள மெல்லிய பிளவு நாடாவுக்குச் செங்குத்தாக நிற்காமல் சற்றுச் சாய்ந்தால், தடத்தின் மேற்கரையில் அலையின் மேடும் கீழ்க்கரையில் அதே அலையின் பள்ளமும் ஒரே நேரத்தில் வாசிக்கப்பட்டு, ஒன்றை ஒன்று தின்றுவிடும். கணக்குப் பார்த்தால், ஒரு பாகைக்கும் சற்றுக் குறைந்த சாய்விலேயே பூச்சியத்தின் சத்தம் முற்றாக இல்லாமல் போகிறது. அதே சாய்வில் "பீஈ" சத்தம் பெரும்பகுதி தப்பிவிடும். ஆகவேதான் சிவப்புக் கோடு நன்றாக இருக்க, புரோகிராம் மட்டும் ஏறுவதில்லை.

பதிந்த ரெக்கோடரின் ஹெட் ஒரு சாய்வு, வாசிக்கும் ரெக்கோடரின் ஹெட் இன்னொரு சாய்வு. இரண்டும் தனித்தனியே நல்ல சாமானாக இருக்கலாம். ஒன்றுக்கு ஒன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

திருத்துவது கஷ்டம் இல்லை. ஹெட்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்குரூ இருக்கும். ஒன்று இறுக்கி வைத்தது. மற்றதன் கீழ் ஒரு சின்னச் சுருள்வில் தெரியும், தலையில் ஒரு பொட்டுப் பெயின்றும் வைத்திருக்கும். அந்த வில் உள்ள ஸ்குரூதான் சாய்வை மாற்றும். பல ரெக்கோடர்களில் பிளே அழுத்தியதும் அந்த ஸ்குரூ நேர் கீழே வரும்படி மூடியில் ஒரு துளையே இருக்கும். முதலில் ஸ்குரூ இப்போது நிற்கும் நிலையை மெல்லிய பேனாவால் அடையாளம் வையுங்கள், அல்லது போனில் படம் எடுங்கள். பிறகு புரோகிராம் இரைச்சல் ஓடும் இடத்தில் பிளே அழுத்தி, ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே மெதுவாகத் திருப்புங்கள். இங்கே அவசரம் கூடாது. ஒரு பக்கம் திருப்பினால் சத்தம் போர்வைக்குள் இருந்து பேசுவதுபோல மங்கும். மற்றப் பக்கம் திருப்பினால் அந்தப் போர்வை விலகி, சுருக்கென்று காதைக் கீறும் கூர்மை வரும். அந்தக் கூர்மை உச்சத்தில் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். கால் சுற்றுக்கு மேல் போக வேண்டி வராது. ஸ்ரீரியோ ரெக்கோடரில் மோனோ பொத்தான் இருந்தால் அதை அழுத்திவிட்டுத் தேடுங்கள், உச்சம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

என்னுடைய ஒன்பது கசெற்றில் ஆறு இந்த ஒரு ஸ்குரூவில் உயிர்த்தன. முதல் கசெற்றுக்கு மின்விசிறியை நிறுத்திவிட்டு, காதை ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஸ்குரூட்ரைவர் மயிரளவு அசைந்தது, மங்கிக் கிடந்த இரைச்சல் திடீரென்று முகத்துக்கு நேரே வந்து நின்றது. கசெற் பின்னுக்குச் சுற்றி முடியும்வரை எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

ஒவ்வொரு கசெற்றுக்கும் இப்படித் தனியாகப் பார்க்க வேண்டி வரலாம். உங்கள் சொந்தப் பதிவுகளை எடுக்கும்போது ஸ்குரூவைப் பழைய அடையாளத்துக்குக் கொண்டுவர மறக்க வேண்டாம்.

குறி 3: கோடுகள் நெளிகின்றன, அல்லது விரைந்து ஓடுகின்றன

சரியான வேகத்தில் ஓடும் நாடாவின் சிவப்பு இளநீலக் கோடு ஒவ்வொன்றும் திரையில் ஏறத்தாழப் பத்து வரி தடிப்பாக, மெதுவாக நகரும். கோடு தடித்தும் மெலிந்தும் நெளிந்தால் நாடா ஒரே வேகத்தில் ஓடவில்லை. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் சைக்கிள் டைனமோவில் பாட்டுக் கேட்டவர்களுக்கு இந்த இழுவை நன்றாகத் தெரியும். மிதிப்பது தளர்ந்தால் பாட்டும் தளரும். இப்போது தளர்ந்திருப்பது பெல்ட்.

பெல்ட் நீண்டு தொய்ந்திருக்கலாம், அல்லது கரைந்து கறுத்த தார்போல ஒட்டியிருக்கலாம். தாராகியிருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், விரலில் பட்டால் இலகுவில் போகாது. சில்லுகளைச் சுற்றி ஒரு நூலை இழுத்துச் சுற்றளவை அளந்து, அதைவிடச் சற்றுச் சிறிய பெல்ட் வாங்கிப் போடுங்கள். கைக்குக் கிடைத்த றப்பர் வளையத்தை மாட்டினால் நெளிவு கூடுமே ஒழியக் குறையாது.

நெளிவு இல்லை, ஆனால் வேகமே மொத்தமாகப் பிழை என்றால், சங்கீதம் பழகுகிற பிள்ளைகள் போனில் வைத்திருக்கும் சுருதி பார்க்கும் செயலியை எடுங்கள். தொடக்கத்துச் சீரான சத்தத்தைச் செயலிக்குக் கேட்கவிட்டால் அது ஒரு எண்ணைக் காட்டும். 807 க்குக் கிட்ட வர வேண்டும். பல மோட்டர்களின் முதுகில் ஒரு சின்னத் துளை இருக்கும், அதன் உள்ளே மெல்லிய ஸ்குரூட்ரைவரால் திருப்பி வேகத்தை மாற்றலாம். பதியும்போதே வேகம் பிழையாக இருந்த கசெற்றுக்கும் இது உதவும். அந்தக் கசெற் 807 காட்டும்வரை திருப்பி ஏற்றிக்கொள்ளுங்கள்.

குறி 4: பெயர் வந்தது, நடுவில் பிழை காட்டி நிற்கிறது

ஸ்பெக்ட்ரம் தலைப்பு, புரோகிராம் என்று ஒவ்வொரு தொகுதியின் கடைசியிலும் ஒரு சரிபார்ப்புப் பைட் வைக்கிறது. பல்லாயிரம் பிற்றில் ஒன்று புரண்டாலும் அது பொருந்தாது, முழுதும் தள்ளுபடி. 48கே நிறைந்த புரோகிராம் என்றால் ஐந்து நிமிட அளவு காத்திருந்துவிட்டுக் கடைசியில் "ஆர் ரேப் லோடிங் எரர்" என்ற செய்தியைப் பார்ப்பது மனதை நோகச் செய்யும்.

வொலியூமை ஒரு கோடு கூட்டிப் பாருங்கள், பிறகு ஒரு கோடு குறைத்துப் பாருங்கள். கூடிப்போனாலும் அலை சிதைந்து பிழை வரும். ஒவ்வொரு தடவையும் குமிழின் நிலையைத் தாளில் குறியுங்கள், இல்லையென்றால் பார்த்த இடத்தையே திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள். எப்போதும் ஒரே இடத்தில் பிழை வந்தால் நாடாவில் அந்த இடத்தில் கறையோ மடிப்போ இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் வந்தால் பழுது ரெக்கோடரில்.

பிழை ஒன்றும் காட்டாமல் ஏறி முடிந்து, ஓடத் தொடங்கியதும் திரை குழம்பினால் கசெற்றை விட்டுவிட்டுக் கணினியின் நினைவகத்தைப் பாருங்கள். சரிபார்ப்புக் கணக்கு, வருகிற சத்தத்தை வைத்துத்தான் நடக்கிறது. எழுதிய இடம் பழுது என்றால் அது அதற்குத் தெரியாது. "பிரிண்ட் பீக் 23732 + 256 * பீக் 23733" என்று கேளுங்கள். 48கே கணினி 65535 என்று சொல்ல வேண்டும். 32767 என்றால் மேல் 32கே நினைவகம் அதன் கண்ணுக்குத் தெரியவில்லை.

லோட் ஆகும் நடுவில் கணினி தானே புதிதாகத் தொடங்கினால் கரண்ட். மாலையில் வோல்ற்றேஜ் இறங்கும் வீடுகளில் இது வரும். 9 வோல்ற் சப்ளையின் பிளக் தளர்ந்திருந்தாலும் வரும்.

குறி 5: நாடா கிறீச்சிடுகிறது, நிற்கிறது, வெள்ளையாக இருக்கிறது

மாரி தொடங்கினால் இங்கே அலுமாரிக்குள் இருக்கும் செருப்புக்கே பூஞ்சணம் பிடிக்கும், கசெற்றைக் கேட்கவா வேண்டும். நாடாச் சுருளின் பக்கவாட்டில் வெள்ளைத் தூள் தெரிந்தால் அதை அப்படியே போடாதீர்கள். ஹெட்டில் ஒட்டி, அங்கிருந்து அடுத்த கசெற்றுக்கும் போகும். முகக்கவசம் போட்டு, முற்றத்தில் வைத்து, ஸ்பிரிற் சற்றே நனைத்த மென்மையான துணியை நாடாவில் தொட்டுப் பிடித்துக்கொண்டு பென்சிலால் மெதுவாகச் சுற்றித் துடையுங்கள். காய நேரம் கொடுங்கள். வெயிலில் வைத்துக் காயவைக்கக் கூடாது.

கிறீச்சிடும் கசெற்றை உள்ளங்கையில் இரண்டு தடவை தட்டையாகத் தட்டி, முழுவதும் முன்னுக்கும் பின்னுக்கும் ஒருக்கால் சுற்றிவிட்டால் பெரும்பாலும் இளகும். இளகாவிட்டால் நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றுங்கள். ஸ்குரூ போட்ட பாட்டுக் கசெற் கூடு ஒன்று போதும். ஒட்டிய கூட்டைக் கத்தியால் பிளக்கும்போது கத்தி நாடாப் பக்கம் வழுக்காமல் பாருங்கள்.

இன்னொரு சாமான், சின்னது, பலர் கவனிப்பதில்லை. கசெற்றின் வாயில், நடுவில், ஒரு செப்புத் தகட்டின் மேல் கம்பளித் துண்டு ஒன்று ஒட்டியிருக்கும். நாடாவை ஹெட்டோடு அமர்த்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து அது விழுந்துவிட்டால் சத்தம் எழும்பி எழும்பி விழும், மேல் சத்தம் முதலில் போகும். அண்ணாவின் கசெற் ஒன்றில் அந்தத் துண்டு கூட்டுக்குள்ளேயே கிடந்து கிலுங்கிக்கொண்டிருந்தது. பழைய பக்திப்பாட்டுக் கசெற் ஒன்றின் தகட்டைத் தூக்கி இதில் வைத்தேன், அன்றைக்கே ஏறியது.

குறி 6: நாடா அறுந்துவிட்டது

சாதாரண செலோரேப்பால் ஒட்டாதீர்கள். வெக்கையில் அதன் பசை ஒழுகிப் பக்கத்துச் சுற்றையும் ஒட்டிவிடும். கசெற் நாடா 3.81 மில்லிமீற்றர் அகலம், அதற்கென்று ஒட்டுநாடா விற்கிறது. அறுந்த நுனிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே வெட்டாகச் சாய்த்து வெட்டி, பளபளப்பான முதுகுப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

எவ்வளவு வெட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். ஒரு மில்லிமீற்றர் நாடா என்றால் 21 மில்லிசெக்கன், ஸ்பெக்ட்ரம் பதிவில் ஏறத்தாழ நான்கு பைட். சீரான சத்தம் ஓடும் இடத்தில் அறுந்திருந்தால் அதிட்டம், சென்ரிமீற்றர் கணக்கில் வெட்டினாலும் ஒன்றும் ஆகாது. புரோகிராமின் நடுவில் என்றால் அந்தத் தொகுதி நேராக ஏறாது. கணினிக்குள் சத்தமாகப் பதிந்து, எழுத்தெழுத்தாக மீட்கத்தான் வேண்டும்.

குறி 7: இன்று சேவ் செய்தது நாளை ஏறவில்லை

பழைய 48கேயில் சேவ் செய்யும்போது இயர் வயரைக் கழற்றிவிடுங்கள். இயர், மைக் இரண்டும் செருகியிருந்தால் சத்தம் சுற்றி வந்து பதிவைக் கெடுக்கும். கசெற்றின் தொடக்கத்தில் உள்ள நிறமற்ற பகுதியில் ஒன்றும் பதியாது, அதைத் தாண்டி ஐந்தாறு செக்கன் ஓடவிட்டுத் தொடங்குங்கள். பதிந்தது சரியா என்று வெரிஃபை கட்டளையால் பார்க்காமல் கணினியை நிறுத்த வேண்டாம். ஒரே புரோகிராமை இரண்டு தடவை பதியுங்கள். 60 நிமிடக் கசெற் போதும். 90 இன் நாடா மெலிது, 120 ஐத் தொடவே வேண்டாம். சாதாரண இரும்பு நாடாதான் பொருத்தம், குரோம் என்று கூடிய விலைக்குத் தேடத் தேவையில்லை.

கொமடோர், பிபிசி, எம்எஸ்எக்ஸ்

கொமடோர் 64 க்கு டேட்டாசெற் என்ற அதன் சொந்த ரெக்கோடர் வேண்டும். சத்தத்தைப் பிற்றாக மாற்றும் சுற்று அதற்குள்ளேயே இருப்பதால் வொலியூம் என்ற பிரச்சினை இல்லை. லோட் செய்யும்போது திரை வெறுமையாவது பழுது அல்ல. பெயரைக் கண்டபின் "லோட் எரர்" வந்தால் ஹெட்டின் சாய்வு, பொத்தான்களுக்கு மேலே உள்ள துளை வழியே திருத்தலாம். மோட்டரே சுற்றாவிட்டால் முதலில் பின்னால் செருகும் இணைப்பைப் பாருங்கள். அந்தத் தகட்டை அழிறப்பரால் தேய்த்து ஸ்பிரிற்றால் துடைக்க வேண்டும். கொமடோரின் சொந்த முறை எல்லாவற்றையும் இரண்டு தடவை பதிகிறது. மெதுவானது, ஆனால் ஒரு பிரதியில் உள்ள ஓட்டையை மற்றது அடைத்துவிடும்.

பிபிசி மைக்ரோ 256 பைட் தொகுதிகளாகப் பதிகிறது. பிழை வந்தால் அது சொல்லும், சற்றுப் பின்னுக்குச் சுற்றிவிட்டு விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். நாடா பழுதான இடத்தில் இது எவ்வளவு பெரிய வசதி என்பது ஸ்பெக்ட்ரமோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் விளங்கும். பிபிசியும் எம்எஸ்எக்ஸும் 1200, 2400 ஹேர்ட்ஸ் சத்தங்களைப் பயன்படுத்துகின்றன. 1975 இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிற்றியில் கூடிப் பேசி வகுத்த முறையின் வழி வந்தவை அவை. சாய்வு பற்றிச் சொன்னது எல்லாம் இவற்றுக்கும் பொருந்தும்.

குறி 8: ஒருமுறை ஏறியது, அடுத்தமுறை ஏறவில்லை

ஒருமுறை ஏறியபோதே அதைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். எந்தக் கசெற்றையும் முதல் தடவை நன்றாக ஓடும்போதே மடிக்கணினியில் பதிந்துவிடுங்கள். ஓடாசிற்றி என்ற ஒலிப்பதிவுச் செயலி போதும். 44100 ஹேர்ட்ஸ், 16 பிற், வேவ் கோப்பு. எம்பி3 ஆகச் சுருக்காதீர்கள். ஸ்ரீரியோவாகப் பதிந்து, இரண்டு பக்கத்தில் எது தெளிவோ அதை வைத்துக்கொள்ளுங்கள். நாடாவின் ஒரு கரை மட்டும் சுருங்கியிருப்பது அடிக்கடி காண்பது. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பற்றறியில் பதிந்தால் கரண்டின் 50 ஹேர்ட்ஸ் ரீங்காரம் இருக்காது. அலைகளின் தலை தட்டையாக வெட்டுப்படாமல் அளவைக் குறைத்து வையுங்கள். இரைச்சல் நீக்கும் வசதி எதையும் பூச வேண்டாம், கணினிக்கு அந்த இரைச்சல்தான் புரோகிராம்.

ஸ்பெக்ட்ரம் என்றால், இன்றைய கணினியை ஸ்பெக்ட்ரம்போல ஓடவைக்கும் ஃபியூஸ் எமுலேற்றரின் கருவித்தொகுப்பில் உள்ள ஓடியோ2டேப் இந்த வேவ் கோப்பைத் தொகுதிகளாகப் பிரித்துத் தரும். சரிபார்ப்புப் பொருந்தாத தொகுதிக்கு, அதே இடத்தை ஹெட்டின் சாய்வை மாற்றி இரண்டு மூன்று தடவை பதிந்து, ஒவ்வொன்றிலும் முயன்று பாருங்கள். ஒன்றில் வரும்.

போனில் இருந்து ஸ்பெக்ட்ரமுக்குத் திரும்ப ஏற்றும்போது சத்தத்தை உச்சத்தில் வைத்து, ஈக்குவலைசரை நிறுத்தி, போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். ஒரு வட்ஸ்அப் "டிங்" போதும், ஐந்து நிமிடம் வீணாக. சத்தம் காணாவிட்டால் சின்ன அம்பிளிஃபயர் ஒன்றை நடுவில் வையுங்கள்.

குறி 9: புரோகிராம் இருக்க வேண்டிய இடத்தில் பாட்டுக் கேட்கிறது

தொண்ணூறுகளில் வெற்றுக் கசெற்றுக்கு நாங்கள் எங்கே போவது? வீட்டில் இருந்ததன் மேல்தான் பாட்டுப் பதிந்தோம். மேலே பாட்டு ஏறிய பகுதி போனதுதான், அதை எந்தக் கருவியும் தராது. ஆனால் பாட்டு வந்தவுடன் நிறுத்தாதீர்கள். கசெற்றைக் கடைசிவரை, இரண்டு பக்கமும், முழுதாக வேவ் கோப்பாகப் பதியுங்கள். பிறகு திரையில் அலையைப் பெருப்பித்துப் பாருங்கள். பாட்டு ஏறி இறங்கும், புரோகிராம் ஒரே உயரத்தில் சுவர்போல நிற்கும். பாட்டு முடிந்த இடத்துக்குப் பின்னால் அப்படி ஒரு சுவர் இருந்தால், அதற்கு முன் சீரான சத்தம் மிஞ்சியிருக்கிறதா என்று தேடுங்கள். ஐந்து செக்கனும் வேண்டியதில்லை, இரண்டு செக்கன் மிஞ்சியிருந்தாலே அந்தத் தொகுதி ஏறும். தலைப்பு அழிந்து புரோகிராம் மட்டும் மிஞ்சினால், அந்தப் புரோகிராமின் நீளத்தைக் குறிக்கும் ஒரு தலைப்பைப் புதிதாகச் செய்து முன்னால் ஒட்டலாம்.

அண்ணாவின் புள்ளி புரோகிராம் ஒன்பதாவது கசெற்றில் இருந்தது. லேபலில் பச்சைப் பேனாவால் "புள்ளி 3" என்று அவர் எழுத்து. பிளே அழுத்தினேன், பாட்டு வந்தது. நான்தான் பதிந்திருப்பேன், எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அந்தப் பாட்டும் அடுத்த பாட்டும் முடிந்தன, மூன்றாவது பாதியில் அறுந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு "பீஈஈ" என்று எழும்பியது. அண்ணா எதையும் இரண்டு தடவை சேவ் செய்வார், இது அவருடைய இரண்டாவது பிரதி. சாய்வைத் திருத்தி, மூன்றாம் முயற்சியில் ஏறியது. முதலாவது வரியில் பிள்ளைகளின் தொகை 34 என்று இருந்தது.